ரேடார் சிமுலேஷனில் இரைச்சல் கணக்கு பொருந்தாதபோது: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

சிமுலேஷன் மென்பொருள் காட்டும் சிக்னல்–இரைச்சல் விகிதம் கைக்கணக்கோடு ஒத்துப்போகாதபோது, அமைப்புப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து எண்களை மாற்றிப் பார்ப்பதே பெரும்பாலோர் செய்கிற முதல் வேலை. அப்படிச் செய்தால் ஒரு பிழையை இன்னொரு பிழை மறைத்துவிடும். விடை பொருந்திவிடும், காரணம் மட்டும் தெரியாமலே போய்விடும். அதைவிட, விலகல் எத்தனை டெசிபெல் என்பதை இரண்டு தசம இடம் வரை குறித்துக்கொள்வது நல்லது. இரைச்சல் கணக்கில் வரும் பிழைகள் பெரும்பாலும் தங்களுக்கென ஓர் எண்ணை வைத்திருக்கின்றன. 1.76 என்று விலகினால் ஓரிடத்திலும், 3.01 என்று விலகினால் வேறிடத்திலும் தேட வேண்டும்.

விலகலை அளக்க ஓர் அளவுகோல் தேவை. ஆகவே கட்டுரை முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்கிறேன். 10 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் தரை ரேடார் ஒன்று. உச்சத் திறன் 50 கிலோவாட். பண்பேற்றம் இல்லாத 1 மைக்ரோவினாடித் துடிப்பு. ஆண்டெனாவின் கெயின், அதாவது ஒரே திசையில் குவிப்பதால் கிடைக்கும் பெருக்கம், 38 டெசிபெல். 30 கிலோமீட்டர் தொலைவில் 1 சதுர மீட்டர் எதிரொலிப் பரப்புள்ள இலக்கு. அனுப்பும் பக்கத்திலும் செயலாக்கத்திலும் சேர்த்து 6 டெசிபெல் இழப்பு. ஏற்கும் பக்கத்தில் ஆண்டெனாவின் இரைச்சல் வெப்பநிலை (இரைச்சல் திறனை வெப்பநிலையாகச் சொல்லும் அளவு) 60 கெல்வின், ஆண்டெனாவிலிருந்து முதல் பெருக்கி வரையுள்ள அலைவழிக் குழாயில் 1 டெசிபெல் இழப்பு, ஏற்பியின் இரைச்சல் எண், அதாவது ஏற்பி தானே சேர்க்கும் இரைச்சலின் அளவாக மென்பொருள்கள் நாய்ஸ் ஃபிகர் என்று குறிப்பிடுவது, 3 டெசிபெல்.

ஆண்டெனா முனையில் நின்று கணக்கிட்டால், ஆண்டெனா தருவது 60 கெல்வின். குழாயின் இழப்பு விகிதம் 1.259, அது 290 கெல்வினில் இருப்பதால் தருவது 0.259 × 290, அதாவது 75 கெல்வின். 3 டெசிபெல் ஏற்பிக்கு இணையான வெப்பநிலை 288.6 கெல்வின், குழாய்க்கு முன்னால் கொண்டுவரும்போது அது 1.259 மடங்காகி 363 கெல்வின் ஆகிறது. மொத்தம் 498 கெல்வின். இதைப் போல்ட்ஸ்மன் மாறிலியாலும் 1 மெகாஹெர்ட்ஸ் பட்டை அகலத்தாலும் பெருக்கினால் இரைச்சல் திறன் −111.6 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்). ரேடார் சமன்பாட்டின்படி இலக்கிலிருந்து திரும்பி வருவது −95.5 டிபிஎம். ஒற்றைத் துடிப்புக்கு விகிதம் 16.1 டெசிபெல். இந்த நான்கு வரிக் கணக்கை உங்கள் ரேடாருக்குக் காகிதத்தில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் மென்பொருளைத் தொட வேண்டாம்.

முதல் சோதனை: இரைச்சல் எண்ணை 20 டெசிபெலாக உயர்த்துதல்

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை இது. இரைச்சல் கணக்கின் பிழைகள் இரண்டு வகைப்படும். தேவையில்லாத வெப்பநிலை ஒன்று கூடிவிடுவது அல்லது தேவையானது விட்டுப்போவது கூட்டல் பிழை. பட்டை அகலம், இழப்பு, செயலாக்கக் கெயின் போன்றவை தவறுவது பெருக்கல் பிழை. மென்பொருளிலும் காகிதத்திலும் இரைச்சல் எண்ணை 20 டெசிபெலாக மாற்றுங்கள். ஏற்பியின் பங்கு இப்போது 36,000 கெல்வினைத் தாண்டிவிடுவதால், வேறெங்கோ 290 கெல்வின் தவறாகக் கூடியிருந்தாலும் அது 0.04 டெசிபெலுக்குமேல் தெரியாது. விலகல் ஏறத்தாழ மறைந்துவிட்டால் அது கூட்டல் பிழை. ஆண்டெனா, வானம், குழாயின் வெப்பநிலை ஆகிய பெட்டிகளில் தேடுங்கள். விலகல் அசையாமல் அப்படியே இருந்தால் அது பெருக்கல் பிழை. வெப்பநிலைப் பெட்டிகளைத் திறக்கவே வேண்டாம். விலகல் முன்பைவிடப் பெரிதானால் இரைச்சல் எண்ணையே மென்பொருள் வேறு விதமாகப் படிக்கிறது. டெசிபெலை எதிர்பார்க்கும் பெட்டியில் விகிதத்தையோ, விகிதத்தை எதிர்பார்க்கும் பெட்டியில் டெசிபெலையோ எழுதியிருப்பீர்கள்.

இந்த மூன்றாவது வகை சாதாரண மதிப்புகளில் எளிதாகத் தப்பிவிடும். 3 டெசிபெலுக்குரிய விகிதமான 2 என்பதை டெசிபெல் பெட்டியில் எழுதினால், நம் எடுத்துக்காட்டில் இரைச்சல் 1.55 டெசிபெல்தான் குறைகிறது; எவரும் சந்தேகப்படமாட்டார்கள். அதே குழப்பம் 20 டெசிபெலில், விகிதமான 100 டெசிபெல் பெட்டிக்குள் போவதால், எண்பது டெசிபெல் விலகலாக வெளிப்பட்டுவிடும்.

அறிகுறி: ஆண்டெனா இரைச்சலை எப்படி மாற்றினாலும் விடை அசையவில்லை

பெரும்பாலும் இது பிழையே அல்ல, ஒரு தேர்வு. அமைப்பின் மொத்த வெப்பநிலையை ஒரே நிலையான எண்ணாகக் கொடுப்பது, உறுப்புகளிலிருந்து கணக்கிடச் சொல்வது என இரண்டு வழிகளை எஸ்டிகே (STK) போன்ற சிமுலேஷன் மென்பொருள்கள் தருகின்றன. நிலையான எண் தேர்வாகியிருந்தால் ஆண்டெனா, குழாய், பெருக்கி ஆகியவற்றுக்கு நீங்கள் எழுதியவை கணக்கில் சேர்வதில்லை. மேட்லேப்பில் ரேடார் சமன்பாட்டுச் சார்பை அழைக்கும்போதும் அமைப்பு வெப்பநிலையைக் கொடுக்காவிட்டால் 290 கெல்வின் என்று அதுவே எடுத்துக்கொள்கிறது. நம் எடுத்துக்காட்டில் 498-க்குப் பதிலாக 290 நுழைந்தால் விகிதம் 2.35 டெசிபெல் கூடுதலாகத் தெரியும். அது தொலைவில் 14 சதவீதத்துக்கும் மேலான பொய்யான நீட்சி. தொலைவு நான்காம் படியில் வருவதால் இவ்வளவோடு நிற்கிறது. அதனாலேயே கண்ணில் படாமலும் போகிறது.

கணக்கிடும் வழியைத் தேர்ந்த பிறகும் அசையவில்லை என்றால், மழை, வளிமண்டலம் ஆகியவற்றுக்கான குறிகள் இரண்டு இடங்களில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆண்டெனாப் பக்கத்தில் மழை இரைச்சலைச் சேர் என்று குறித்துவிட்டு, சூழல் பக்கத்தில் மழை மாதிரி எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால், சேர்ப்பதற்கு எதுவும் இருக்காது.

அறிகுறி: விலகல் சரியாகக் குழாய் இழப்பின் அளவு

எடுத்துக்காட்டில் அது 1.00 டெசிபெல். 498 கெல்வின் என்பது ஆண்டெனா முனையில் நின்று பார்த்த எண். அதையே பெருக்கியின் நுழைவாயிலில் நின்று பார்த்தால் 396 கெல்வின்தான். இரண்டும் சரி. ஆனால் பெருக்கியின் நுழைவாயிலுக்கு நகர்ந்தால் சிக்னலிலும் 1 டெசிபெலைக் கழிக்க வேண்டும். மென்பொருள் 396 என்று காட்டும்போது நீங்கள் 498 எதிர்பார்த்திருந்தால் அது முரண் அல்ல. உதவிப் பக்கத்தில் அது எந்த இடத்தைக் குறிப்பு முனையாகக் கொள்கிறது என்று படித்துவிட்டு நகருங்கள். உண்மையான பிழை வேறு: 498-ஐ ஆண்டெனா முனையில் கணக்கிட்டுவிட்டு, ஏற்கும் குழாயின் இழப்பை ரேடார் சமன்பாட்டின் இழப்புப் பெட்டியிலும் மறுபடி எழுதுவது. அப்போது 16.1 என்பது 15.1 ஆகும். தனித்தனி ஆட்கள் தயாரித்த இணைப்புக் கணக்குத் தாள்களை ஒன்றாக்கும்போது இந்த இரட்டைக் கணக்கு ஏறக்குறைய தவறாமல் நடக்கிறது.

அறிகுறி: ஆண்டெனா வெப்பநிலை நம்ப முடியாத எண்ணாக இருக்கிறது

முதல் சோதனை கூட்டல் பிழை என்று காட்டினால், ஆண்டெனா வெப்பநிலையை உறுப்புகளாகப் பிரித்து எழுதுங்கள். இதற்கு முன்மாதிரி 1964-இல் நியூ ஜெர்சியின் ஹோம்டெல்லில் ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் கொம்பு ஆண்டெனாவோடு பட்ட பாடு. 4080 மெகாஹெர்ட்ஸில் தலைக்கு நேர் மேலே பார்த்தபோது 6.7 கெல்வின் வந்தது. வளிமண்டலத்துக்கு 2.3, ஆண்டெனாவின் மின்தடை இழப்புக்கும் பின் மடலுக்கும் (முதன்மைக் கற்றைக்கு வெளியே பின்பக்கத்திலிருந்து ஏற்பதற்கும்) சேர்த்து 0.9 என்று கழித்தபின் 3.5 கெல்வின் எஞ்சியது. புறாக்களை விரட்டி, எச்சத்தைத் துடைத்தும் அது போகவில்லை. பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சு என்று பின்னர் தெரியவந்தது. இன்றைய மதிப்பு 2.725 கெல்வின். உங்கள் மென்பொருளில் எஞ்சும் எண்ணுக்கு நோபல் பரிசு கிடைக்காது என்றாலும், ஒவ்வொரு உறுப்புக்கும் தனி எண் எழுதிக் கழிக்கும் அந்த ஒழுங்கு அப்படியே பயன்படும்.

எண் எதிர்பார்த்ததைவிட நூறு கெல்வின் அளவில் கூடியிருந்தால் திறன்விகிதப் பெட்டியைப் பாருங்கள். தட்டு ஆண்டெனாவுக்கு 55 சதவீதத் திறன்விகிதம் என்று சொல்லும்போது அது துவாரத் திறன்விகிதம். ஒளியூட்டம் சீராக இல்லாமை, சிந்தல், மறைப்பு ஆகியவற்றின் விளைவு. அது வெப்பமாக மாறும் இழப்பு அல்ல. கதிர்வீச்சுத் திறன்விகிதம் கேட்கும் பெட்டியில் அந்த 0.55-ஐ எழுதினால், மீதி 45 சதவீதத்தை 290 கெல்வினில் இருக்கும் மின்தடையாகக் கருதி 130 கெல்வினை மென்பொருள் சேர்த்துவிடும். 60 கெல்வின் ஆண்டெனா 163 கெல்வினாகும். கெயினும் இதனால் குறைக்கப்பட்டால் ரேடாரில் போகவும் வரவும் 2.6 டெசிபெல் வீதம் சிக்னலையும் இழப்பீர்கள். நல்ல உலோகத் தட்டுக்குக் கதிர்வீச்சுத் திறன்விகிதம் 1-ஐ ஒட்டியே இருக்கும்.

எண் மிகக் குறைவாக, மூன்று முதல் பத்து கெல்வின் வரை இருந்தால், ஆண்டெனா எங்கே பார்க்கிறது என்று கேளுங்கள். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் போன்ற செயற்கைத் துளை ரேடார் செயற்கைக்கோளின் கற்றை பார்ப்பது வானத்தை அல்ல, நிலத்தை. நிலம் ஏறத்தாழ தன் வெப்பநிலையிலேயே கதிர்வீசும். கடல்பரப்பு நுண்ணலையில் அதைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும். பூமியின் இரைச்சல் என்ற குறியைப் போடாமல் பிரபஞ்சப் பின்னணியை மட்டும் குறித்திருந்தால், 270 கெல்வின் வர வேண்டிய இடத்தில் 10 கெல்வின் வரும். 300 கெல்வின் ஏற்பி உள்ள அமைப்பில் இது 2.6 டெசிபெல் பொய்யான நன்மை. தரை ரேடாருக்கும் நிலம் முற்றிலும் அந்நியம் அல்ல: பக்க, பின் மடல்கள் வழியே பத்தில் ஒரு பங்கு திறன் நிலத்தை நோக்கினால் 29 கெல்வின் அதிலிருந்தே வரும். முதன்மை மடலை மட்டும் வரையறுக்கும் எளிய ஆண்டெனா மாதிரிகள் இதைக் காட்டுவதில்லை.

நேர வரைபடத்தில் ஓரிரு இடங்களில் மட்டும் இரைச்சல் திடீரென உயர்ந்தால், பிழை தேடுவதற்கு முன் சூரியன் அந்நேரம் எங்கே என்று பாருங்கள். 1942 பிப்ரவரியில் பிரிட்டனின் விமான எதிர்ப்பு ரேடார்கள் பலவற்றில் ஒரே நேரத்தில் இரைச்சல் எகிறியபோது எதிரியின் குறுக்கீடு என்றே முதலில் எண்ணினார்கள். திசைகளை ஒப்பிட்ட ஜேம்ஸ் ஹே, மூலம் சூரியன் என்று கண்டார். எனவே உயர்வு உண்மையாக இருக்கலாம். அதன் அளவைச் சரிபார்ப்பதே நம் வேலை. 10 கிகாஹெர்ட்ஸில் அமைதியான சூரியனின் ஒளிர்வு வெப்பநிலை பத்தாயிரம் கெல்வினை ஒட்டியது. வட்டத்தின் குறுக்களவு அரைப் பாகைக்குச் சற்று மேல். 38 டெசிபெல் கெயினுள்ள கற்றையின் அகலம் இரண்டு பாகைக்கு மேல். ஆகவே சூரியன் அதில் ஒரு சிறு பகுதியைத்தான் நிரப்பும். கற்றை மையத்திலேயே சூரியன் இருந்தாலும் கூடுவது ஏறத்தாழ 340 கெல்வின்; விகிதம் 2.2 டெசிபெல் குறையும். 13 டெசிபெல் அளவுக்கு வீழ்ச்சி தெரிந்தால், சூரியன் கற்றை முழுவதையும் நிரப்புவதாக மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறது. கற்றையைவிட்டுச் சூரியன் நன்கு விலகிய பின்னும் உயர்வு நீடித்தால் பக்க மடல் மட்டத்தைச் சரிபாருங்கள்.

அறிகுறி: மழையைச் சேர்த்ததும் விகிதம் எதிர்பார்த்த அளவில் குறையவில்லை

ஒருவழிப் பாதையில் மழை 3 டெசிபெல் மெலிவு தருவதாக வைத்துக்கொள்வோம். சிக்னல் போகவும் வரவும் மெலிவதால் 6 டெசிபெல் குறையும். இரைச்சலோ ஒருவழிதான் வருகிறது: மழை பின்னால் உள்ள வானத்தைப் பாதியாக மறைத்து, தான் 275 கெல்வின் அளவில் கதிர்வீசுவதால், 60 கெல்வின் ஆண்டெனா 167 கெல்வினாகி, இரைச்சல் 0.85 டெசிபெல் உயரும். மொத்த வீழ்ச்சி 6.85 டெசிபெல். மென்பொருள் 6.00 காட்டினால் மழை இரைச்சல் சேரவில்லை, 3.85 காட்டினால் தொலைத்தொடர்பு இணைப்புக்கான ஒருவழிக் கணக்கு ரேடாருக்குள் நுழைந்துவிட்டது. ஏற்பி குளிர்ந்ததாக, மொத்தமே 100 கெல்வினாக இருந்தால் இதே மழை இரைச்சலை மட்டும் 3 டெசிபெலுக்குமேல் உயர்த்தும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அறிகுறி: சிக்னல் அளவிலான சிமுலேஷனில் மட்டும் விலகல்

சமன்பாட்டு அளவில் பொருந்திய ரேடார், மாதிரிகளை உருவாக்கிச் செயலாக்கும்போது பொருந்தாமல் போவது தனிப் பிரச்சினை. இங்கே வருபவை ஏறக்குறைய எல்லாம் பெருக்கல் பிழைகள். எண்கள் தூய்மையாக இருக்கும்.

சிறு திருத்தம் செய்ததும் இரைச்சல் 10 டெசிபெல் உயர்ந்தது என்றால், மாதிரியெடுப்பு வீதத்தைப் பத்து மடங்கு கூட்டினீர்களா என்று பாருங்கள். மாதிரியெடுப்பு வீதத்தையே இரைச்சலின் பட்டை அகலமாகக் கொள்ளும் ஏற்பி மாதிரிகள் உண்டு. 2 மெகாஹெர்ட்ஸ் 20 ஆனால் ஒவ்வொரு மாதிரியிலும் இரைச்சல் பத்து மடங்காகும். அது சரியான நடத்தையே. பொருந்து வடிப்பிக்கு (துடிப்பின் வடிவத்துக்கேற்ப அமைத்த வடிப்பிக்கு) முன்னால் அளக்காமல் பின்னால் அளந்தால் இந்த உயர்வு மறைந்துவிட வேண்டும், மறையாவிட்டால்தான் பிழை.

3.01 டெசிபெல் என்றால் சிக்கலெண் இரைச்சல். மெய்ப் பகுதிக்கும் கற்பனைப் பகுதிக்கும் திறனைப் பாதிப் பாதியாகப் பிரிக்காமல் இரண்டுக்கும் முழுத் திறனைக் கொடுத்தால் இரட்டிப்பாகும். 1.76 டெசிபெல் என்றால் ஹான் சாளரம், அதாவது ஃபூரியே உருமாற்றத்துக்கு முன் மாதிரிகளுக்குக் கொடுக்கும் எடைத் தொகுதி. அதன் இரைச்சல் பட்டை அகலம் ஓர் அலைவெண் கட்டத்தின் 1.5 மடங்கு. 30.1 டெசிபெல் என்றால் 1024 புள்ளி ஃபூரியே உருமாற்றத்தின் தரைமட்டத்தைப் பார்த்து, அதையே மொத்த இரைச்சல் என்று படித்துவிட்டீர்கள். 1.96 டெசிபெல் என்றால் ஒற்றைத் துருவ வடிப்பியின் 3 டெசிபெல் அகலத்தையே இரைச்சல் அகலமாக எழுதிவிட்டீர்கள். உண்மையில் அது 1.57 மடங்கு.

ஆண்டெனா அணிகளில் ஒரு நயமான பிழை இருக்கிறது. 16 உறுப்புகளைச் சேர்த்தால் 12 டெசிபெல் முன்னேற்றம் வர வேண்டும். சிக்னல்கள் வீச்சில் கூடும், இரைச்சல்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாததால் திறனில் மட்டும் கூடும். முன்னேற்றமே வரவில்லை என்றால் எல்லா உறுப்புகளின் இரைச்சல் ஆக்கிக்கும் ஒரே விதை எண் (சமவாய்ப்பு எண் வரிசையின் தொடக்க எண்) கொடுக்கப்பட்டிருக்கிறது. விடை ஒவ்வொரு முறையும் மாறாமல் வர வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் பலரும் விதை எண்ணை நிலையாக வைக்கிறார்கள். ஆனால் பதினாறு ஏற்பிகளும் ஒரே இரைச்சலை உருவாக்கினால், கற்றையை நேர் முன்னால் திருப்பும்போது அதுவும் சிக்னலைப் போலவே வீச்சில் கூடிவிடும். உறுப்பு எண்ணை விதை எண்ணோடு கூட்டிக் கொடுப்பதே போதும். கற்றையைப் பக்கவாட்டில் திருப்பும்போது இரைச்சல் மட்டம் குறைகிறதா என்று பார்ப்பது இதை உறுதிப்படுத்தும் வழி. தொடர்பில்லாத இரைச்சலுக்குத் திசை கிடையாது.

துடிப்புக்குள்ளேயே அலைவெண் சீராக மாறும் (சிர்ப்) துடிப்புகளில், விலகல் துடிப்பு நீளத்தையும் பட்டை அகலத்தையும் பெருக்கிய எண்ணின் டெசிபெல் அளவாக இருந்தால், துடிப்பை ஒடுக்குவதால் கிடைக்கும் ஒடுக்கக் கெயின் இருமுறை எண்ணப்பட்டிருக்கிறது அல்லது விட்டுப்போயிருக்கிறது. துடிப்பு நீளத்தை மட்டும் கேட்கும் சமன்பாடு ஆற்றலைக் கொண்டே கணக்கிடுகிறது. அந்தக் கெயின் அதற்குள்ளேயே இருக்கிறது. பட்டை அகலம் கேட்கும் சமன்பாட்டில் மட்டும் தனியாகச் சேருங்கள்.

அறிகுறி: விகிதம் பொருந்துகிறது, கண்டறிதல் பொருந்தவில்லை

இலக்கு மாதிரியை முதலில் பாருங்கள். பொய் எச்சரிக்கை (இரைச்சலை இலக்கு என்று கொள்வது) நிகழ்தகவு பத்து லட்சத்தில் ஒன்று எனில், 16.1 டெசிபெலில் ஏற்ற இறக்கமற்ற இலக்கு ஏறத்தாழ உறுதியாகத் தெரியும். எதிரொலி ஏறி இறங்கும் ஸ்வெர்லிங் முதல் வகை இலக்குக்குக் கண்டறியும் நிகழ்தகவு 0.72 மட்டுமே. அதுவும் சரியாக இருந்தால் இலக்கை நீக்கிவிட்டு இரைச்சலை மட்டும் ஓடவிடுங்கள். பொய் எச்சரிக்கைகளை எண்ணுவது இரைச்சல் திறனை அளக்கும் மிக நுண்ணிய வழி: வாசலை, அதாவது எதைத் தாண்டினால் இலக்கு என்று கொள்கிறோமோ அந்த மட்டத்தை, நிர்ணயிக்க எடுத்த இரைச்சல் திறன் உண்மையைவிட 1 டெசிபெல் குறைந்தால், பத்து லட்சத்தில் ஒன்று என்பது பத்து லட்சத்தில் 17 ஆகிவிடும். அவ்வளவு ஓட்டங்களுக்கு நேரமில்லை என்றால் வாசலை ஆயிரத்தில் ஒன்றுக்குத் தாழ்த்தி ஒரு லட்சம் மாதிரிகளை ஓடவிடலாம். எண்ணிக்கை 100-ஐ ஒட்டி வந்தால் இரைச்சல் அமைப்பு சரி. 400-ஐ ஒட்டி வந்தால் எங்கோ ஒரு டெசிபெல் இன்னும் ஒளிந்திருக்கிறது, பெரும்பாலும் அந்தக் குழாய் இழப்பில்.